வேட்டைக்கு உடன்போன பிள்ளைகள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளின் ஏரிக்கரைகளிலும் புதர்க்காட்டு ஓரங்களிலும் வாழ்ந்த இருளர் குடும்பங்களில், பிள்ளைகளை வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் கேட்டதில்லை. விடிந்ததும் அப்பா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொள்வார். அம்மா கூடையும் துணிப்பையும் எடுத்துக்கொள்வார். கைக்குழந்தை இடுப்பில் ஏறும். நடக்கத் தெரிந்த பிள்ளை பின்னால் நடக்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. வைத்துவிட்டுப் போகச் சோறும் இல்லை. அன்றைய சோறு போகிற வழியில்தான் கிடைத்தாக வேண்டும்.

இன்று அதே குடியிருப்பில் பிறந்த பிள்ளை அந்த நேரத்தில் சீருடை போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். சட்டம் அதைத்தான் சொல்கிறது. பல ஊர்களில் நடப்பும் அதுதான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அந்தப் பிள்ளைக்கு வந்து சேர்ந்ததும் கைவிட்டுப் போனதும் ஏராளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், பெற்றோருடன் பிள்ளை வேட்டைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

அன்றைய வேட்டையில் பெரும்பகுதி எலி வேட்டை. நெல் அறுவடை முடிந்ததும் வரப்புகளில் வளை தேடுவார்கள். வளைக்கு ஒரு வாய் மட்டும் இருக்காது. தப்பி ஓட எலி வேறு வழிகளும் வைத்திருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து மண்ணால் அடைப்பது பிள்ளைகளின் வேலை. வைக்கோல் திணித்து நெருப்பு வைத்த மண்சட்டியை வளையின் வாயோடு பொருத்தி, சட்டியின் அடியிலுள்ள துளை வழியாகப் பெரியவர்கள் வாயால் ஊதுவார்கள். புகை வேறு எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்வதும் பிள்ளைகள்தான். பிறகு கடப்பாரை இறங்கும். எலி குழம்புக்கு, எலி சேர்த்து வைத்திருந்த கதிர் வீட்டுக்கு. அதை உதறிப் புடைத்தால் சில படி நெல் தேறும். அந்த நெல் யாருடைய வயலில் விளைந்திருந்தாலும், வளையிலிருந்து எடுத்தது எடுத்தவருக்கு.

மழைக்குப் பின் புற்றருகே விளக்கு வைத்து ஈசல் பிடித்தார்கள். ஏரி வற்றும்போது நத்தையும் நண்டும் எடுத்தார்கள். கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் கழிமுகத்தின் முட்டளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போட்டார்கள். முயலும் கௌதாரியும் எப்போதாவது அகப்பட்டன. இவை எல்லாவற்றிலும் பிள்ளைக்கு என்று ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்கு உரிய பங்கும் சட்டியில் இருந்தது.

பாம்பு வேட்டை இதிலிருந்து வேறுபட்டது. அது வயிற்றுக்காக அல்ல, காசுக்காக. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு ஆகியவற்றின் தோல்கள் லட்சக்கணக்கில் வெளிநாடு போயின. கைப்பையும் செருப்பும் இடுப்பு வாரும் ஆகி அங்கே கடைகளில் தொங்கின. தோலை உரித்துக் கொடுத்த இருளருக்குக் கிடைத்தது சில ரூபாய். அந்தச் சில ரூபாய்க்கும் முன்பணம் வாங்கியிருப்பார். கடன் தீர அடுத்த பாம்பைத் தேடியாக வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு இந்த நடையில்தான் நடந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. புழுதியில் இழுபட்ட கோட்டைப் பார்த்து, போனது எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று, இன்று போனதா நேற்றுப் போனதா என்று அப்பா தனக்குள் பேசிக்கொள்வார், பிள்ளை கேட்டுக்கொள்ளும். வளையின் வாய் வழவழப்பாக இருந்தால் உள்ளே ஏதோ போய்வருகிறது. சிலந்தி வலை கட்டியிருந்தால் மேலே நடக்கலாம். எச்சத்தில் எலி மயிர் இருக்கிறதா, உரித்த சட்டையில் செதில் எப்படி அமைந்திருக்கிறது, சுருட்டை விரியன் எந்த மாதிரிக் கல்லடியில் இருக்கும், கண்ணாடி விரியன் எந்தப் புதரில் சுருண்டிருக்கும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே படிந்தது. வயது ஏற ஏறப் பொறுப்பு மாறியது. முதலில் பின்னால் நடப்பது. பிறகு தடம் காட்டுவது. பிறகு விஷமில்லாத சாரையின் வாலைப் பிடிப்பது. நச்சுப் பாம்பில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான். கூட வருவது வேறு, கையால் செய்வது வேறு என்ற எல்லை அந்தக் குடும்பங்களில் எழுதாமலே இருந்தது.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குவது எளிது. அதன் முழுக் கணக்கையும் எடுத்தால் ஏங்க மனம் வராது. சட்டியின் துளையில் வாய் வைத்து ஊதியவர்கள் ஆண்டுக்கணக்கில் வைக்கோல் புகையை விழுங்கினார்கள்; உதடும் கன்னமும் சுட்டுக்கொண்டார்கள். பாம்பு கடித்து விரல் முடங்கிப்போனவர்கள் குடியிருப்புக்குக் குடியிருப்பு இருந்தார்கள். கடித்தால் பச்சிலைதான், ஆஸ்பத்திரி தூரம், அங்கே மருந்து இருக்குமா என்பதும் உறுதியில்லை. வளையில் நெல் இல்லாத நாளில் அடுப்பு எரியவில்லை. பிள்ளை தடத்தைப் படித்தது, எழுத்தைப் படிக்கவில்லை. அதனால் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவனான பிறகும் அதற்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்கு இருளர் தேவைப்பட்டார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புகளுக்கு அது நல்ல காலம். தோலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொன்று தோலை விற்றவர்கள், பாம்பைக் கொல்லாமல் விஷத்தை விற்கத் தொடங்கினார்கள். திறமை அதேதான், பயன் தலைகீழாயிற்று.

சங்கம் இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளை மட்டும், வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். மணல் இட்டுத் துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் பாம்புகள் வைக்கப்படுகின்றன. வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் தொடுவதில்லை. அன்று ஒரு பாம்பு ஒரு முறை விலைபோயிற்று, அத்தோடு செத்தது. இன்று அது நான்கு முறை விஷம் தந்துவிட்டுத் தன் புதருக்குத் திரும்புகிறது.

அந்த விஷத்துக்கு இருக்கும் தேவை சிறிதல்ல. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர். வயலில் வேலை செய்பவர்கள். அவர்களைக் காப்பாற்றக்கூடிய மருந்து விஷமுறிவு மருந்து ஒன்றுதான். அதைத் தயாரிக்க விஷம் வேண்டும். நாட்டின் தேவையில் பெரும்பங்கு விஷத்தை நெடுங்காலம் இந்தச் சங்கமே தந்திருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் அப்பாவின் பின்னால் நடந்தவர்களின் கண்ணும் கையும் இல்லாமல் அந்த மருந்துக் குப்பி நிறைந்திருக்காது.

இந்தப் பக்கம் பிள்ளைகளின் உலகமும் மாறியது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், வளையில் நெல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மதியம் ஒரு வேளை சோறு உண்டு என்று ஆக்கியது. பிறகு முட்டை வந்தது. 2022 முதல் காலை உணவும் வந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியை உரிமையாக்கியது. அன்று பசிதான் பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துப் போனது. இன்று பசியைத் தீர்க்கும் இடம் பள்ளிக்கூடம். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை உருவானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. 108க்கு அழைத்தால் வண்டி வருகிறது. இவற்றில் எதையும் விட்டுக்கொடுத்துப் பழைய நாளுக்குத் திரும்ப யாரும் விரும்பக் கூடாது.

ஆனாலும் காட்டை விட்ட பிள்ளை நேரே பள்ளிக்குப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேட்டை நின்ற வீடுகளில் பெரும் பகுதி செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் போயிற்று. முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளைகளோடு சூளையிலேயே தங்கியது. கொத்தடிமை முறை 1976இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இருந்தும் பல பத்தாண்டுகள் கழித்துத் திருவள்ளூரிலும் காஞ்சிபுரத்திலும் சூளைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அங்கேயும் பிள்ளை பெற்றோருடன்தான் போனது. கல்லைத் திருப்பிப் போட்டது, காய வைத்தது, அடுக்கியது. காட்டில் பெற்றோருடன் போன பிள்ளைக்கு ஒரு அறிவு சேர்ந்தது; சூளையில் பெற்றோருடன் போன பிள்ளைக்கு அப்பாவின் கடன் மட்டும் சேர்ந்தது. வேட்டையிலிருந்து பிள்ளையை மீட்டுவிட்டோம் என்று சொல்லும்போது, நடுவில் இருந்த இந்தச் சூளையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பள்ளிக்குப் போன பிள்ளைக்கும் பாதை சமமாக இருக்கவில்லை. பழங்குடி என்பதற்கான சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் பெற வேண்டும். காடு விட்டுக் காடு நகர்ந்த குடும்பத்திடம் அதற்கு ஏது ஆவணம்? சான்றிதழ் இல்லாமல் மேற்படிப்பு தடைபட்டு நின்ற பிள்ளைகள் பலர். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியது இத்தகைய காகிதங்களுக்காகத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். இவர்களை மிகவும் நலிந்த பழங்குடிகளில் ஒன்றாக அரசே வகைப்படுத்தியிருக்கிறது.

நிலமும் மாறியது. அன்று செங்கல்பட்டைச் சுற்றி முள்ளும் காரையும் களாவும் மண்டிய புதர்க்காடு. இன்று அங்கே தொழிற்பேட்டை, மனைப்பிரிவு, கல்லூரி, நான்குவழிச் சாலை. மிஞ்சிய காடு வேலி போட்ட காப்புக்காடு. 2006இன் வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, மூலிகை எடுக்கவும் குடியிருக்கவும் உரிமை தந்தது. மரபுவழி உரிமைகள் பலவற்றையும் ஏற்றது. வேட்டையாடும் உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. அன்று ஒரு முயல் ஒரு வேளைக் குழம்பு. இன்று அதே முயலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வயலிலும் கதை வேறாகிவிட்டது. எலிக்கு மருந்து வைக்கிறார்கள். ஜிங்க் பாஸ்பைடு தின்று செத்த எலியைச் சமைக்க முடியாது. வளை வெட்டத் தெரிந்த குடும்பம் விஷம் வைக்காமல், நெல்லையும் மீட்டு, எலியையும் குறைத்தது. அந்தச் சேவைக்கு உழவர் செலவழித்தது கொஞ்சம். இழந்தது எதுவும் இல்லை.

எஞ்சியிருக்கும் அறிவின் அளவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலங்களில், அயலிலிருந்து வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள பாலூட்டிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2016இல் அங்கே நடந்த பாம்பு பிடிக்கும் போட்டியில் ஆயிரம் பேருக்கு மேல் பதிவு செய்து, ஒரு மாதத்தில் பிடித்தது 106 பாம்புகள். 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அழைக்கப்பட்டார்கள். தெரியாத நாடு, தெரியாத புல்வெளி. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அவர்கள் தேடியது பாம்பை அல்ல, பாம்பு போன வழியை. எச்சத்தையும் உரித்த சட்டையையும் நிலத்தின் தேய்மானத்தையும். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாடு மதித்துப் பாராட்டிய அந்தத் திறமை ஒரு வகுப்பறையில் பிறந்ததல்ல. பிள்ளைப் பருவத்து நடையில் பிறந்தது.

இனி அடுத்தவர் யார் என்பதுதான் இன்றைய கேள்வி. பாம்பு பிடிப்போர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு வயதாகிறது. பிள்ளைகள் பகலில் பள்ளியில். பலர் ஆண்டு முழுவதும் உண்டு உறைவிடப் பள்ளியில். விடுமுறைக்கு வரும் பிள்ளையின் கையில் செல்போன். சட்டையின் செதிலைப் பார்த்து வகை சொல்லும் பத்து வயதுப் பிள்ளையை இன்று காண்பது அரிது. இந்த அறிவை ஒரு பயிற்சி வகுப்பு நடத்திப் பதினெட்டு வயதில் கொடுத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. பாம்பைப் பிடிக்கும் முறையை அப்படிக் கொடுக்கலாம். நிலத்தைப் படிக்கும் கண்ணைக் கொடுக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. தாய்மொழி வருவது போல அது சிறுவயதில், பக்கத்தில் இருந்து, கேட்டுக் கேட்டு வருவது.

ஆகவே என் பதிலைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றோருடன் போகட்டும். ஆனால் பள்ளி நாளில் வேண்டாம், பசிக்காக வேண்டாம், கூலிக்காகவும் வேண்டாம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. கூடவே, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை வீட்டாருக்கு உதவலாம் என்று ஒரு வாசலும் வைத்திருக்கிறது. அந்த வாசல் சூளை முதலாளிகளுக்கு வசதியாகிவிடும் என்று குழந்தை உரிமைக்காகப் பாடுபடுகிறவர்கள் அஞ்சியது நியாயம்தான். அதனால் எல்லையைச் சரியாக வகுக்க வேண்டும். தடம் பார்ப்பது, சட்டையை எடுத்துப் பார்ப்பது, மூலிகை அறிவது, புகையூதாமல் வளை வெட்டும்போது உடன் நிற்பது, கழிமுகத்தில் அம்மாவின் பக்கத்தில் இறால் துழாவுவது எல்லாம் எல்லைக்கு உள்ளே. நச்சுப் பாம்பின் பக்கம் கை நீட்டுவது எல்லைக்கு வெளியே. அது வயது வந்து, உரிமம் பெற்று, தானே விரும்பி எடுக்கும் முடிவு.

இதில் பெற்றோரின் பொறுப்பு மட்டும் போதாது. பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குச் சங்கத்தின் மூத்தவர்களை அழைத்து வந்து, பிள்ளைகளோடு பக்கத்து ஏரிக்கரையில் ஒரு நாள் நடக்க வைக்கலாம். விடுமுறையில் பிள்ளை அப்பாவுடன் காப்புக்காட்டின் ஓரத்தில் நடந்தால், வனக்காவலர் அதை வேட்டையாக எண்ணி மிரட்டாதிருக்க ஒரு ஏற்பாடு வேண்டும். விஷத்துக்கு நல்ல விலையும் தாமதமில்லாத அனுமதியும் கிடைத்தால், இந்தத் தொழில் பிள்ளைக்குக் கடைசிப் புகலாக இல்லாமல், தேர்ந்தெடுக்கத் தக்க தொழில்களில் ஒன்றாக இருக்கும்.

அன்றைய பிள்ளைக்கு வேறு வழி இல்லாததால் காடு கிடைத்தது. இன்றைய பிள்ளைக்கு வேறு வழி கிடைத்ததால் காடு இல்லாமல் போயிற்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இருளர் பிள்ளையிடம் கேட்பது அநியாயம். வேறு யாருடைய பிள்ளையிடமும் நாம் அப்படிக் கேட்பதில்லை. இசைக் கலைஞரின் மகள் பள்ளிக்கும் போகிறாள், மாலையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடவும் பாடுகிறாள். அதை நாம் குழந்தை உழைப்பு என்று சொல்வதில்லை, மரபு என்கிறோம். அதே மதிப்பை, ஆண்டுக்கு 58,000 உயிர் போகும் நாட்டில் உயிர் காக்கும் மருந்துக்கு அடிப்படையான ஓர் அறிவுக்கும் தர வேண்டும். பாடப்புத்தகமும் தடமும் ஒரே பிள்ளையின் கையில் சேரும்போதுதான், இந்த அரை நூற்றாண்டு மாற்றம் அந்தப் பிள்ளைக்கு முழு ஆதாயமாகும்.